தொட்டிக்கு வைத்த விருந்து

நிறைய ஊட்டினால் நிறைய வாயு வரும் என்று நம்பினேன். இரண்டு பட்டம் வாங்கி, தலையில் பாதி முடியையும் இழந்த பிறகும் நம்பினேன்.

கோத்தா திங்கி ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பழுப்புக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டால், உள்ளே இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று பயோகேஸ் விடும். அதை ஒரு குழாய் முனையில் எரித்துக் காட்டுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. வியாழக்கிழமை தலைமை அலுவலகத்தார் பார்க்க வருகிறார்கள். தீ எரிந்தால் இன்னும் ஓராண்டு அனுமதி. இல்லாவிட்டால் தொட்டியைப் பிரித்து லாரியில் ஏற்ற வேண்டியதுதான்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இங்கே முதலில் சாலையோரக் கல்லுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மேனேஜர் ஜமால் அதை முடித்து, பூந்தொட்டிகளை இரவல் வாங்கி அடுக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"பாஸ், உங்க நெருப்பு கேக் மெழுகுவத்தி மாதிரி இருக்கே. கொஞ்சம் பெருசா காட்ட முடியாதா லா?"

"அதுக்கென்ன, காட்டிடலாம்" என்றேன்.

திங்கட்கிழமை, தொட்டிக்குள் கழிவுநீர் விடும் ஃபீட் வால்வை இரண்டு மடங்கு திறந்தேன். தொட்டியைக் கவனிக்கும் ஆபரேட்டர் செல்விக்கு அது பிடிக்கவில்லை.

"சார், தாங்காது. புளிச்சிடும்."

"விருந்தாளி வராங்க செல்வி. வயிறு நிறைய சாப்பிடட்டும்."

"விருந்தாளி வர்றது உங்களுக்கு. தொட்டி ஏன் ரெண்டு தட்டு சாப்பிடணும்?"

செவ்வாய்க்கிழமை கேஸ் மீட்டர் எகிறியது. படம் எடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப் அனுப்பினேன். புதன் காலை தீ அணைந்திருந்தது. மீட்டர் மட்டும் உற்சாகமாக ஓடியது. வந்ததில் பெரும்பகுதி கரியமில வாயு. அது எரியாது. இதை மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான்.

புத்தியுள்ளவன் வால்வை மூடியிருப்பான். நான் பதறி இன்னும் கொஞ்சம் திறந்தேன். லைட்டரை மாற்றினேன். பர்னரைத் துடைத்தேன். காற்றைத் திட்டினேன். செல்வி தொட்டி நீரில் பி.எச். பார்த்து, கருவியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை. நன்றாகவே புளித்திருந்தது.

வியாழக்கிழமை, புதுப் பெயின்ட் வாசனையில் ஏழு பேர் அண்ணாந்து குழாயைப் பார்த்தார்கள். நான்கு தடவை பற்றவைத்தேன். குழாய் புஸ்ஸென்றது.

"அலமாக், போச்சு" என்றார் ஜமால், சன்னமாக.

வந்தவர்களுக்குத் தலைவியான அம்மையார் என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். ஈரப்பதம், காற்றழுத்தம், வால்வு ரிப்பேர் என்று மூன்று பொய்கள் கைவசம் இருந்தன. வாயைத் திறந்தால் உண்மை வந்து விழுந்தது: "நீங்க வர்றீங்கன்னு அதிகமா ஊட்டிட்டேன். தொட்டிக்கு அஜீரணம்."

"எப்போ சரியாகும்?"

நான் செல்வியைப் பார்த்தேன்.

"மூணு வாரம் இவர் கை வைக்காம இருந்தா எரியும்" என்றார் செல்வி.

அம்மையார் மூன்று வாரம் தந்தார். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்றார்.

ஃபீட்டை நிறுத்தினோம், கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தோம், காத்திருந்தோம். பதினெட்டாம் நாள் தீ எரிந்தது, முன்பிருந்த அதே அளவில். ஓராண்டு அனுமதியும் கிடைத்தது. கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஃபீட் வால்வு ஆபரேட்டரின் பொறுப்பு, ஆராய்ச்சியாளர் அதைத் தொடக் கூடாது.