சாமியறையில் வைத்த ஓர்க்கிட்

ரொறன்ரோவில் குளிர் தொடங்கிய நேரம். பக்கத்து வீட்டு ராணி அன்ரி, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக கிட்டவுள்ள அஜக்ஸ் நகருக்குப் போகும்போது தன் ஓர்க்கிட் செடியை என்னிடம் விட்டுப்போனார். அவர் சத்திரசிகிச்சை முடிந்து வந்தபோது யாரோ கொடுத்தது. பூ கொட்டியதும் எல்லாரும் எறியச் சொல்ல, கேட்காமல் வளர்த்தார். இப்போதுதான் மறுபடி மொட்டு வைத்திருந்தது.

"கவனமாப் பார், பிள்ளை" என்றார்.

வீட்டிலேயே நல்ல இடம் என்று சாமியறையில், படைத்த வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மொட்டுகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாய் விழத் தொடங்கின. ஹீற்றரைக் கூட்டியதால்தான் என்று கணவரோடு சண்டை பிடித்தேன். கண்பட்டதோ என்று செடிக்கு நாவூறும் கழித்தேன்.

மகள்தான் போனில் தேடிப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் த பனானாஸ்! பழுக்கிற பழத்தில இருந்து வாற காஸ் மொட்டை விழுத்துமாம்."

உடனே குசினியில் பாத்திரம் கழுவும் இடத்து யன்னலுக்கு மாற்றினேன். மிஞ்சியது ஒரே மொட்டு. அது விரிந்ததும், காரைச் சூடாக்கி, செடிக்கு சீற் பெல்ற் போட்டு அஜக்ஸுக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். பேத்தியை மடியில் வைத்திருந்த அன்ரி பூவையே பார்த்தார்.

"ஒண்டு காணும், பிள்ளை, அதுவே போதும். இவளும் ஒண்டுதானே."

இப்போது பூசை முடிந்த கையோடு பழத்தைப் பங்கிட்டுவிடுகிறேன். எதைப் பொறுப்பெடுத்தாலும் அதற்கு எது ஆகாது என்று முதலில் கேட்கிறேன். அன்று அன்ரி குழந்தையை என் கையில் தந்தபோதே அந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது.

"இவளுக்கு என்ன ஒத்துவராது, அன்ரி?"