இன்னும் இரண்டு தட்டு வரும்

தட்டை மேசையில் வைக்கும்போதே ஜான்சியின் இடது கை டிரேக்கு அடியில் மூன்று விரலை நீட்டிவிடும். வாய் மூடியிருக்கும். முகத்தில் ஓட்டலில் சொல்லிக்கொடுத்த சிரிப்பு இருக்கும். கண் மட்டும் ‘கீழே பார்’ என்று சாடை காட்டும். இன்னும் மூன்று தட்டு பாக்கி இருக்கிறது, ரொட்டியைத் தின்று வயிற்றை அடைத்துக்கொள்ளாதீர்கள் என்று அதற்குப் பொருள். முதல் முறை போனபோது எனக்கு இது விளங்கவில்லை. பாவம், கை சுளுக்கு போலிருக்கிறது என்று நினைத்து ரொட்டி முழுவதையும் தின்று தொலைத்தேன்.

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில், சுனாமிக்கு மறு வருஷம் திறந்த ஓட்டல் அது. ஓட்டல் என்றால் கோபித்துக்கொள்வார்கள், ரெஸ்டாரண்ட். மெனு அட்டையில் பதார்த்தங்களின் பெயர் இருக்காது. என்ன வரும், எத்தனை வரும், எப்போது முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாமல் சாப்பிட்டால்தான் ருசியாம், செஃப் கட்டளை. மேசையில் உப்பும் கிடையாது. கேட்டால் அவர் மனம் புண்படுமாம். ஜன்னலுக்கு வெளியே உப்பு குவியல் குவியலாகக் கிடக்கிறது, கண்ணால் பார்த்துக்கொண்டே சப்பென்று சாப்பிட வேண்டியதுதான்!

மேனேஜர் பாலகுரு நல்ல மனிதர். பெரிய நகரத்து ஓட்டல்களில் பழகியவர். பேசாமல் பரிமாறுவதே மரியாதை என்று மனதார நம்புகிறவர். “கேட்டா பதில் சொல்லு. கேக்காத வரைக்கும் வாய தொறக்காத” என்பது அவர் சட்டம். யார் கேட்பார்கள்? பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்று பணக்காரர்களும் பயந்துகொண்டு கம்மென்று இருப்பார்கள். மூன்றாவது தட்டோடு முடிந்தது என்று எழுந்து போனவர்கள் உண்டு. இறாலுக்கு அடியில் அழகுக்குப் பரப்பிய கூழாங்கல்லைக் கடித்தவரும் உண்டு.

ஜான்சிக்கு இது பொறுக்காது. முப்பத்தைந்து வயதிருக்கும். உப்பளத்துக் கூலிக் குடும்பம். ஆரோவில்லில் ஒரு விடுதிச் சமையலறையில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் தெருவில் இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, கல்யாணம் என்றால் பந்தி விசாரிக்க ஜான்சிதான் வர வேண்டும். “பாயசம் இன்னும் வரல, எழுந்துடாதீங்க”, “ஏம்பா, ரசத்துக்கு சோறு வாங்கிக்கோ” என்று ஒவ்வொரு இலையாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடப்பார்.

“சோறு போட்டா மட்டும் போதுங்களா? வாய தொறந்து நாலு வார்த்த சொல்லணும். இல்லன்னா மாட்டுக்குத் தீனி வெச்ச மாரிதான்” என்றார் என்னிடம்.

விரல் சாடையோடு நின்றுவிடுகிற ஆளா அவர்? பாலகுரு முதுகைத் திருப்பினால் போதும். “இது நண்டுங்க. ஓடு கெடையாது, தெகிரியமா கடிங்க.” “நொரையா இருக்குதேன்னு பாக்காதீங்க, தேங்காப்பாலுதான்.” பாலகுரு காதில் இது விழாமலா இருக்கும்? கடைசியாக எச்சரித்தும் விட்டார்: “இன்னொரு தரம் டேபிள்கிட்ட உன் குரல் கேட்டுச்சுன்னா பேட்ஜ கழட்டி வெச்சிட்டு கெளம்பும்மா.” மழை மாதங்களில் ஜான்சியின் கணவருக்கு உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது வீட்டில் உலை கொதிப்பது இந்தச் சம்பளத்தில்தான். அதனால் கொஞ்ச நாள் விரலோடு அடங்கியிருந்தார்.

இரண்டாம் முறை நான் அங்கே போனது அவரைப் பார்க்கத்தான். அன்றைக்கு நடுமேசையில் உப்பள முதலாளி காசிலிங்கமும் அவர் மனைவி சுலோசனாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, அவர்கள் பெண்ணைக் கேட்டு வந்திருந்த சென்னைக்காரர்கள். சம்பந்தி ஆகப்போகிறவர்களை அசத்திவிட வேண்டும் என்று காசிலிங்கம் இங்கே கூட்டி வந்திருந்தார்.

மீன் வந்தது. சுலோசனா இரண்டு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடிப்பதற்காகக் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். வந்தது வினை. பின்னால் நின்ற சர்வர், சத்தமே இல்லாமல் குனிந்து, முக்கால் மீனோடு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பது எங்கள் பக்கத்தில் கையைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். அதுவும் சம்பந்தி வீட்டார் எதிரில்! சுலோசனாவின் முகம் செத்துவிட்டது. காசிலிங்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “போதும். எழுந்திரிங்க எல்லாரும், போலாம்.” சென்னைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலகுரு கதவருகே சிலையாக நின்றார்.

ஜான்சி என் மேசையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜக்கை வைத்தார். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி ஜக்குக்குப் பக்கத்தில் வைத்தார். நேரே நடுமேசைக்குப் போனார்.

“ஐயா, உக்காருங்க. அம்மா, உங்க தட்ட யாரும் புடுங்கல. கல்யாணத்துல இலைய மடிச்சா போதும்னு அர்த்தமில்லீங்களா? அதுமாரி இங்க கத்தியும் முள்ளும் சேத்து வெச்சா போதும்னு அர்த்தம். அந்த ஆளுக்கு அப்படித்தான் பழக்கி வெச்சிருக்குது. இத மொதல்லயே உங்களுக்குச் சொல்லி இருக்கணும். சொல்லாதது எங்க தப்புங்க.”

சுலோசனா தலை நிமிரவில்லை. “நான் என்னமோ அசிங்கமா துன்றேன்னு எடுத்துட்டாங்களோன்னு நெனச்சேம்மா” என்றார். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

அப்போது எதிரே இருந்த சென்னை அம்மாள் தன் கையைத் தூக்கிக் காட்டினார். முள்கரண்டி அதில் இறுகப் பிடித்தபடி இருந்தது. “எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. கீழ வெச்சா என்ன ஆயிடுமோன்னு வந்ததுலேந்து இத கையிலயே புடிச்சிட்டு இருக்கேன்.”

முதலில் சுலோசனா சிரித்தார். பிறகு மேசையே சிரித்தது. காசிலிங்கம் உட்கார்ந்து, “அப்படியே கொஞ்சம் உப்பும் கொண்டாம்மா” என்றார். ஜான்சி உள்ளே போய் வேறு மீனும், ஒரு கிண்ணத்தில் உப்பும் கொண்டுவந்தார். செஃப்பிடம் என்ன சொல்லி வாங்கினாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

ஜக்கை எடுக்க அவர் திரும்பி வந்தபோது பாலகுரு என் மேசையருகே நின்றிருந்தார், கையில் அந்தப் பேட்ஜோடு. ஜான்சி முந்தானையைச் சரிசெய்வது போலக் கழுத்துக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக நின்றார். பாலகுரு நடுமேசையைப் பார்த்தார். சுலோசனா மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தா, குத்திக்கோ” என்று பேட்ஜை நீட்டினார். “கொஞ்சம் மெதுவா பேசும்மா, அவ்ளோதான்.”

ஜான்சி கையை நீட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார். ஜன்னலோர மேசையில் ஒரு வயதான தம்பதி, காலித் தட்டைப் பார்த்தபடி, எழுவதா இருப்பதா என்று தெரியாமல் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“செத்த இருங்க சார், அங்க கெளம்பறாங்க” என்று சொல்லிவிட்டு, பேட்ஜ் இல்லாமலே அந்தப் பக்கம் நடந்தார். நடக்கும்போதே கையைத் தலைக்கு மேலே தூக்கி, எல்லாரும் பார்க்க, இரண்டு விரலைக் காட்டினார்.