வேண்டுதலும் ஒரு ஹார்மோன் மாத்திரையும்: ஆம்பூரிலிருந்து வேலூருக்கு

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்பூரிலிருந்து ரயில் நல்லதா, பஸ் நல்லதா என்று கேட்கிறீர்கள். காட்பாடியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு அல்லாடுவதைவிட பஸ்ஸே மேல். சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் அக்காவோடு கிளம்பினேன். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்தார்கள். இப்போது இடுப்பு வலி. அன்றைக்கு ஸ்கேன் ரிசல்ட்.

"நோயாளிக்கு ஜன்னல் சீட்டு குடுடி" என்று பள்ளிகொண்டா வரை வம்பு செய்துகொண்டே வந்தாள்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நாங்க குடுத்த மாத்திரை தினமும் சாப்பிடறீங்களா?" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அது சாப்ட்டா தீட்டு எப்போ வரும்னே தெரியல மேடம். பொழச்சா ஆடிக்கு மாலை போட்டு பால்குடம் எடுக்கறேன்னு அம்மனுக்கு வேண்டுதல். அதான் அத நிறுத்திட்டு, மெடிக்கல்ல தள்ளிப்போடற மாத்திரை வாங்கி சாப்ட்டேன். ரெண்டு வருஷமும். அப்புறம் உங்க மாத்திரை அப்டியே விட்டுப் போச்சு."

ஒரே வீட்டில்தான் இருக்கிறேன், எனக்கே தெரியாது!

"உங்க கட்டி ஹார்மோனத் தின்னு வளர்ற வகைம்மா. அதத் தடுக்கத்தான் எங்க மாத்திரை. நீங்க கடையில வாங்கினதே ஹார்மோன்தான்" என்றார் டாக்டர். நோய் எலும்புக்குப் போய்விட்டதாம். இனி கட்டுப்படுத்தலாம், முழுசாகக் குணமாக்க முடியாதாம்.

"என்னாலதானா மேடம்?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது. ஒழுங்கா சாப்ட்டவங்களுக்கும் திரும்ப வருது." அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. அழுதுவிட்டேன்.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டோடு, விழுங்குகிற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். சாமிக்காகச் சாப்பிட்டதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். இதை எழுதி இனி எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

திரும்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. ஹார்மோனைக் குறைக்க, மாதவிலக்கையே நிறுத்துகிற ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். பஸ் கிளம்பியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஊசி போட்டா இனிமே தீட்டே வராதாமே?"

"வராது."

"அப்போ வர்ற ஆடிக்கு மாத்திரை கீத்திரை எதுவும் வேணாம்டி. நிம்மதியா மாலை போடலாம்."

ஆடி வரை அவள் எழுந்து நடமாடுவாளா என்றே எனக்குத் தெரியவில்லை. "போடலாம்க்கா" என்றேன்.