மிதந்த கல்

வாளித் தண்ணீரில் மகள் ஒரு சாம்பல் நிறக் கல்லை மிதக்க விட்டிருந்தாள். குதிக்கால் தேய்க்கக் கடையில் வாங்கிய எரிமலைக் கல். கண்டதுமே எனக்கு எரிச்சல் வந்தது.

எழுவைதீவில் என் சின்ன வயதில், எங்கோ வெடித்த எரிமலையின் குழம்பு நுரைத்து இறுகி, இப்படிக் கற்களாகக் கரையொதுங்கியது. அப்பா அவற்றைப் பொறுக்கி வலைக்கு மிதப்பாகக் கட்டினார்.

"மிதப்புக்கட்டை வாங்குங்கோவன்," என்றாள் அம்மா.

"கடல் சும்மா தருது. பிறகேன் வாங்கவேணும்?"

கற்களின் துளைகள் மெல்ல மெல்லத் தண்ணீர் குடித்தன. ஒருநாள் வலை முழுதும் கடலுக்குள் தாழ்ந்து போனது.

"கல்லைக் கட்டினால் தாழாமல் என்ன செய்யும்?" அம்மா கத்தினாள்.

"போன மாதம் மிதந்ததுதானே!" என்று அப்பாவும் கத்தினார்.

"அம்மா, கல்லு மிதக்குது, பாருங்கோ!" என்று வாளியைக் காட்டினாள் என் மகள்.

"இப்ப மிதக்கும். அதை நம்பி வலையைக் கட்டிப்போடாதை!" என்றேன்.