அத்தையின் இடது கால்

ஒரு காலை எங்கே வைப்பது என்பதற்காக எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. சொத்துச் சண்டைகூட அத்தனை சத்தமாக நடந்திருக்காது. சண்டைக்குக் காரணமான கால் என் அத்தையுடையது. அதிலும் இடது கால்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். கார் பேச்சை எடுத்தால் போனவள் திரும்பி வந்து உட்காருவாள். கார் வாங்குவதற்கு முந்தின வருடம் கோரிப்பாளையம் சிக்னலில் ஸ்கூட்டரோடு விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்து, கட்டுப் பிரித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று அவளே சொல்லியாகிவிட்டது. "இனிமே ரெண்டு சக்கரம் வேணாம்ணே, நாலு சக்கரந்தான்" என்று அப்பாவிடம் அறிவித்துவிட்டு, என் பத்தாவது வயதில் ஒரு நாள் திருநகர் வீட்டு வாசலில் சிவப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும், டர்போ வேறு. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தெருவே வந்து பார்த்தது.

பூஜை போட்ட வண்டிக்குள் செருப்போடு ஏறக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். செருப்புகள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடைந்து பின் சீட்டுக்குக் கீழே பயணம் செய்யும். ஓட்டுகிறவளும் வெறுங்கால்தான்.

சண்டை பரோட்டாவில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவும் நானும் அத்தையோடு கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். சித்தப்பா முன் சீட்டில், வெள்ளைச் சட்டை, மடியில் பரோட்டா, அதன் மேல் சூடான சால்னாப் பொட்டலம். குறுக்கே ஒரு மாடு வந்தது. அத்தை இடது காலால் பிரேக்கைப் போட்டாள். பாவம் அந்தக் கால்! அது அப்பாவின் பழைய காரில் கிளட்ச் மிதித்து வளர்ந்தது. மிதி என்றால் அடிவரைக்கும் மிதிப்பதுதான் அதற்குத் தெரியும். வண்டி அந்த இடத்திலேயே குத்திக்கொண்டு நின்றது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சால்னா மட்டும் நிற்காமல் போய்ச் சித்தப்பாவின் சட்டையில் பாதியும் கண்ணாடியில் பாதியுமாகச் சேர்ந்தது.

சித்தப்பாதான் எங்கள் வீட்டுக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. அப்பாவுக்கும் அத்தைக்கும் அவர்தான் கார் சொல்லிக்கொடுத்தவர். மஞ்சளாக வழிந்துகொண்டே வீட்டுக்குள் வந்து கத்தினார்.

"அண்ணே, இவ இடது காலால பிரேக் அடிக்கிறா! இடது கால் கிளட்ச்சுக்குன்னே உள்ளது. கிளட்ச் இல்லயா, பேசாம ஓரமாக் கெடக்கணும். இவகிட்ட வண்டி இருந்தா ஊருல ஒருத்தரும் உசுரோட இருக்க மாட்டாங்க!"

"ரேஸ் ஓட்டுறவங்கல்லாம் அப்படித்தான் ஓட்டுறாங்க. ஒரு கால் ஆக்ஸிலேட்டருக்கு, ஒரு கால் பிரேக்குக்கு. காலைத் தூக்கி அங்கிட்டும் இங்கிட்டும் வைக்கிற நேரம் மிச்சம். நீ வேணா போன்ல பாரு."

"நீ ரேஸ்காரியா? ஆபீஸ் போற கழுதைக்கு எதுக்கு இம்புட்டு?"

அத்தை விடவில்லை, சித்தப்பாவும் விடவில்லை. கடைசியில் சித்தப்பாவே ஒரு வழி சொன்னார். திருமங்கலம் ரோட்டைத் தாண்டி ஒரு பொட்டலில் கார்ப் பிரியர்கள் சிலர் பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு, அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து ஓட்டுகிற போட்டி வைக்கப்போகிறார்கள். அதே சிவப்பு வண்டியை இரண்டு பேரும் ஓட்டுவது. அத்தை ஜெயித்தால் எந்தக் காலால் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும். தோற்றால் சாவி சித்தப்பாவிடம், அத்தைக்கு பஸ். அப்பா நெடுநேரம் அத்தையின் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, ஓட்டிக் காட்டட்டும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்பா மேல் எரிச்சலாக வந்தது. தங்கைக்காக ஒரு வார்த்தை பேசினால் என்ன?

மறுநாளிலிருந்து பயிற்சி. திருநகருக்குப் பின்னால், பிளாட் போட்டும் விற்காமல் கிடந்த வயல்காடு ஒன்று இருந்தது. வீடே இல்லாத தெருக்கள். தார் ரோடு மட்டும் ஜோராக இருக்கும். கொலுப் பெட்டியிலிருந்த தலையாட்டிப் பொம்மையை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து டேஷ்போர்டில் ஒட்டினோம். அந்தப் பொம்மையின் தலை தனி, உடம்பு தனி. கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும். பிரேக் முரட்டுத்தனமாக விழுந்தால் தலை கழன்று விழும். அதைத் தேடியெடுத்து மறுபடி மாட்டுவது என் உத்தியோகம்.

முதல் நாள் தலை நின்ற நேரத்தைவிட விழுந்து கிடந்த நேரம் அதிகம். "கிளட்ச் புத்தி போக மாட்டேங்குதே பாப்பா" என்று அத்தை தன் இடது காலைத் தானே ஒரு அடி அடித்தாள். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, விரல்களால் மட்டும் பிரேக்கைத் தொட்டுப் பழகினாள். முதலில் தொடுவது, அப்புறம் அழுத்துவது, விடும்போதும் மெல்ல விடுவது. இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டு மிதியையும் ஒன்றாக அழுத்தினால் அந்த வண்டி ரோஷப்பட்டு இன்ஜினை அடக்கிவிடும். அதனால் வலது கால் எழும்புகிற அதே நொடியில் இடது கால் இறங்க வேண்டும். முந்தினாலும் வம்பு, பிந்தினாலும் வம்பு. மாதக் கடைசியில் வண்டி பறந்து வந்து நிற்கும். பொம்மை ஆமாம் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டும். அத்தை வண்டியிலிருந்து இறங்காமலே சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். சந்தோஷத்தை அனுபவிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போட்டியன்று காலையில் பொட்டலில் பந்தல், மைக், வெயில். அங்கே போன பிறகுதான் எங்கள் தலையில் கல் விழுந்தது. ஷூ போடாமல் ஓட்ட விட மாட்டார்களாம்! ஒரு மாதம் வெறுங்காலில் பழகியவளிடம் போய் ஷூ கேட்டால்? அத்தையிடம் இருந்தது ரப்பர்ச் செருப்பு. சித்தப்பா பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு, "அடுத்த வருசம் பாத்துக்கிருவோமா?" என்று சிரித்தார். அவரை அப்படியே பிடித்துக் கடித்துவிடலாம் போல இருந்தது.

அப்போது அத்தை என் காலைப் பார்த்தாள். முள் குத்தும் என்று அம்மா எனக்குப் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மாட்டிவிட்டிருந்தாள். வயசுக்கு மீறின கால் என்று கடைக்காரர் முதல் அம்மாவரை எல்லோரும் திட்டிய கால் எனக்கு. அத்தைக்கோ சின்னக் கால். "கழட்டு பாப்பா!" என்றாள். இடது ஷூ வழுக்கிக்கொண்டு ஏறியது. வலது ஷூதான் படுத்தியது. நாடாவை முழுக்க உருவி, அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு திணித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரே ஜோடியில் ஒன்று மட்டும் எப்படிச் சின்னதாகும் என்று நான் கேட்கவில்லை.

வெறுங்காலோடு கருவேல முள்ளில் நின்ற என்னை அப்பா தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நிறுத்தினார். கையில் பொம்மை. அத்தனை கூட்டத்திலும் எனக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

முதலில் சித்தப்பா. வேகம் என்றால் வேகம். புழுதி கிளம்பி வண்டியே மறைந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்து பிரேக், பிரேக்கை விட்டுத் திரும்ப ஆக்ஸிலேட்டர். அதற்குள் டர்போ ஒரு கோழித் தூக்கம் போட்டு எழுந்துவரும். ஒரு கூம்பு பறந்தது. கடைசியில் சுண்ணாம்புக் கோட்டுக் கட்டத்துக்குள் நிற்க வேண்டிய வண்டி, கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டியது.

அப்புறம் அத்தை. கூம்புகளுக்கு நடுவே சிவப்பு வண்டி நெளிந்து நெளிந்து வந்தது. எந்த இடத்தில் பிரேக், எந்த இடத்தில் ஆக்ஸிலேட்டர் என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. இன்ஜின் சத்தம் ஓரிடத்திலும் செத்துப் போகவில்லை. கடைசி நேர்ப்பாதையில் பாய்ந்து வந்தபோது, "போச்சு, தாண்டிருவா!" என்று யாரோ கத்தினார்கள். வண்டி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, கட்டத்துக்குள் வந்து, குடித்த டம்ளரைக் கீழே வைக்கிற மாதிரி நின்றது. ஒரு கூம்புகூட அசையவில்லை. மைக்காரர், "பச்சைச் சுடிதார் அக்கா, இன்னைக்கி நீங்கதான்!" என்று அலறினார். விசில் காதைப் பிளந்தது. நான் நாற்காலியில் குதித்த குதியில் பொம்மையின் தலை எகிறி எங்கோ போனது. போகட்டுமே! எங்கள் அத்தை ஜெயித்துவிட்டாள்!

அந்த நேரத்தில்தான் அப்பா ஒரு காரியம் செய்தார். என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி, முள்ளுக்கு நடுவே தரையில் இறக்கிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கார்ப் பக்கம் ஓடினார். எங்கள் அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை. கார்க் கதவு திறப்பதற்குள் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டு, "ராணி உக்காரட்டும்ப்பா, வழி விடுங்க!" என்றார். அத்தை கதவைப் பிடித்து இறங்கி, நின்றுகூடப் பார்க்காமல் அதில் உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். சித்தப்பா வண்டிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டு, "சரி தாயி, இனிமே உன் வண்டியிலதான் வாரேன். சால்னாவ மட்டும் டிக்கியில வச்சுக்கிறேன்" என்றார்.

நான் காலில் தைத்த முள்ளோடு தூரத்தில் நொண்டிக்கொண்டு நின்றேன். ஷூ கொடுத்தவள் நான், தலை பொறுக்கி மாட்டியவள் நான், என்னை முள்ளில் விட்டுவிட்டு அவளுக்குச் சிம்மாசனமா? அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

போன வருடம் எனக்கு லைசென்ஸ் வந்தது. அத்தையிடம் போய், எனக்கும் இடது கால் பிரேக் சொல்லிக்கொடு என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"உனக்கு எதுக்குடி? உன் வலது கால்தான் நல்லாருக்கே. எனக்கு அன்னைக்கி ஸ்கூட்டர்ல விழுந்ததுலருந்து கணுக்கால் திரும்பாது. ஆக்ஸிலேட்டர்ல வச்சா வச்சதுதான். பிரேக்குக்குத் தூக்கி வைக்கிறதுக்குள்ள உசுரு போயிரும். சொன்னா சாவியப் புடுங்கியிருப்பீக. ஒருத்தருக்கும் தெரியாது, உங்கப்பாவுக்குக்கூட."

முள் குத்திய என் பாதம்தான் ஞாபகம் வந்தது. அன்று பொட்டலில் இருந்த அத்தனை பேரும் அத்தையின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் நாற்காலியோடு ஓடினார்.