நீக்கப்பட்டானா, நீங்கினானா?

சென்ற ஆண்டு பங்குனி மாதத்து முற்பகலொன்றில், அருப்புக்கோட்டையில் ஒரு தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் நிகழ்ந்தது இது. பாளையம்பட்டிப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பணியாற்றிய என் தமக்கை மகன், தன்னை ஆலை நிர்வாகம் நீக்கிவிட்டதாக என்னிடம் கூறியிருந்தான். வேலையிழந்தோருக்கு வழங்கப்படும் நிவாரணத்தொகை வந்தால்தான் அடுத்த வேலை அமையும்வரை அவன் வீட்டில் அடுப்பெரியும்; மனைவிக்கோ பேறுகாலம் நெருங்கியிருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான், அவன்பொருட்டுப் பேச முன்வந்தேன்.

அலுவலர் ஓர் இளம்பெண். "ஐயா, மில்லுல நிப்பாட்டினாகளா, இவரா நின்னுட்டாரா? தானா விட்டுட்டு வந்திருந்தா இந்தப் பணம் கிடைக்காது" என்றார்.

அதற்கென்றே காத்திருந்தவன்போல் எழுந்து நின்றேன். உழைப்பாளி ஒருவனைத் திறனற்றவன் எனப் பழித்து, ஈவிரக்கமின்றிப் புறந்தள்ளிய கொடுமையை விரித்துரைத்தேன். வரிசையில் நின்றோரும் செவிமடுத்தனர். என் சொற்பெருக்கு எனக்கே நிறைவளித்தது.

அலுவலர் அவனை நோக்கினார். "அப்ப, வேலை தெரியலன்னு அனுப்பிட்டாகளா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "யாருக்கு மேடம் வேலை தெரியாது? நூல் அறுந்தா கண்ண மூடிக்கிட்டு ஒட்டுவேன்! எல்லார் முன்னாலயும் சூப்பர்வைசர் என்னைய வைதாரு. போய்யா, நீயும் உன் வேலையும்னு நான்தான் வந்துட்டேன். என்னைய நீக்க எவனுக்குத் தைரியம் இருக்கு?"

அலுவலகமே சிரித்தது. நான் மெல்ல அமர்ந்தேன்.

"அப்பக் கிடைக்காதுண்ணே" என்றார் அலுவலர், சிரிப்பை அடக்கியபடி.

வரிசையில் நின்ற அவனுடைய ஆலைத் தோழர் ஒருவர் குரல் கொடுத்தார். "ஏலே, நீ வெளிய வந்ததுல இருந்து உன் மிஷினு பாதி நேரம் நின்னுதான் கெடக்கு. சூப்பர்வைசரே உன்னையத் தேடுறாரு. வீம்ப விட்டுப்புட்டுப் போய்க் கேளு!"

அவன் கொண்டுவந்த விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, "கேக்கத்தான் வேணும். புள்ள பொறக்கப் போகுது" என்று முனகினான்.

நகரப் பேருந்து ஆலை வாயிலில் நின்றதும், மேல்துண்டைச் சீர்செய்துகொண்டு நானும் இறங்கினேன். அவன் பதறிப்போய் என் கையைப் பற்றினான்.

"மாமா, கும்பிட்டுக் கேக்குறேன். நீங்க இந்த டீக்கடையில உக்காருங்க. உள்ள நானே பேசிக்கிறேன்."

தேநீர் ஆறுவதற்குள் திரும்பிவிட்டான். மறுநாளே பணிக்கு வரச் சொன்னார்களாம். என்னதான் பேசினாய் என்று வினவினேன்.

"சூப்பர்வைசர்கிட்ட 'தப்புதாண்ணே'ன்னேன். 'சரி வாடா'ன்னாரு. அம்புட்டுத்தான்."

பிறருக்காகப் பரிந்துபேச இன்றும் என் நா துடிக்கிறது. ஆயினும், நடந்தது என்னவென்று முதலில் உரியவரிடமே கேட்டறிகிறேன்; கேட்டபின் பெரும்பாலும் எழாமலே இருந்துவிடுகிறேன்.