அக்கா உறையவைத்துவிட்டுப் போன செல்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் செல் வளர்க்கும் அறையின் வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். குதிகால் தேய்ந்த பழுப்புச் செருப்பு. வெளிச்செருப்போடு உள்ளே போகக்கூடாது, அங்கே வைத்திருக்கும் நீல ரப்பர் செருப்பைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பழுப்புச் செருப்பைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசாகிவிடும். அக்கா வந்துவிட்டார். பெங்களூரே தாமதமாக எழுந்து மசால் தோசைக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில், நாங்கள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் தட்டுகளில் வளரும் செல்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்போம்.

சொந்த அக்கா இல்லை. ஆராய்ச்சிப் படிப்பில் எனக்கு மூன்று வருடம் சீனியர். அவர் தர்மபுரி, நான் திருப்பத்தூர். மற்றவர்கள் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் பேசுவார்கள், எங்கள் இருவருக்கும் தமிழ். அவ்வளவுதான் உறவு, அதுவே போதுமானதாக இருந்தது. செல்களுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றாவிட்டால் செத்துப்போகும். அதில் கலக்கும், கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கிற சீரம் ஒரு பாட்டில் வாங்க எங்கள் ஒரு மாத உதவித்தொகை பத்தாது. "நம்மள விட இதுங்க நல்லா சாப்பிடுதுடி" என்பார் அக்கா. சொல்லிவிட்டு, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஒரே வேளையாகக் கேன்டீனில் சித்ரான்னம் சாப்பிடுவார். விலை ஏறிய பிறகு கூட வாங்கும் வடையை நிறுத்திவிட்டார். வடை எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றார், நானும் நம்பியதுபோல் இருந்துகொண்டேன்.

ஐந்தாவது வருடம் முடிந்ததும் அவருக்கு உதவித்தொகை நின்றது. ஹாஸ்டல் அறையும் அதோடு போயிற்று. ஆய்வு மட்டும் முடியவில்லை. மருந்து கொடுத்த செல்கள் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் கடைசிச் சோதனை பாக்கி, அது இல்லாமல் பட்டம் இல்லை. ஐந்து வருடத்தில் முடிக்காதது யார் தப்பு என்று நீங்கள் கேட்கலாம். இன்குபேட்டர் பழுதாகிக் கிடந்ததும், சீரம் வாங்கப் பணம் வராமல் மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் யார் தப்பு என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் கைடு நல்ல மனிதர். புதிய புராஜெக்டுக்கு விண்ணப்பித்திருந்தார், அந்தப் பணம் வந்தால் அதிலிருந்து அக்காவுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாம். எப்போது வரும் என்று கேட்டால் "நோடோணா" என்பார். பார்க்கலாம் என்கிற அந்தக் கன்னடச் சொல்லைக் கேட்டாலே இந்த மாதமும் இல்லை என்று எங்களுக்குப் புரிந்துவிடும். அக்கா பிரேசர் டவுனில் ஒரு மாடி அறைக்குப் போய், டியூஷன் எடுத்து வாடகை கட்டினார். தண்ணீர் டேங்கருக்கே பாதிப் பணம் போகிறது என்று வீட்டுக்கார ஆன்ட்டி வாடகையை ஏற்றினார். ஆன்ட்டியையும் குறை சொல்ல முடியாது, கிறிஸ்துமஸுக்கு எனக்கும் சேர்த்துக் கேக் கொடுத்தனுப்பியவர். அக்கா ஊர் எல்லையில் இருக்கும் சந்தாபுராவுக்கு மாறினார். வாடகை குறைந்தது, பஸ்ஸில் கழியும் நேரம் கூடியது. ஞாயிறன்று மட்டும் ரோடு காலியாக இருக்கும் என்பதால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உலகத்தில் யாருக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும்!

ஒருநாள் செல்களை உறையவைக்க என்னை உதவிக்குக் கூப்பிட்டார். அவருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், மருத்துவ அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்திருந்தது. செல்களைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, மெல்ல மெல்லக் குளிரவைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் இறக்கிவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். "ஆறு மாசம்தான். சாருக்குப் பணம் வந்ததும் ஒரு போன் போடு, ஓடி வந்துடறேன்" என்றார். நான் துளியும் சந்தேகப்படவில்லை. எங்கள் துறைக்காரர்களுக்கென்றே ஒரு மூடநம்பிக்கை உண்டு. முறையாக உறையவைத்துவிட்டால் எதையும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைத்துக்கொள்வோம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது. பேச ஆளில்லாமல் செல்களோடு தமிழில் பேசத் தொடங்கினேன். முதலில் வாராவாரம் பேசிய அக்கா பிறகு மாதம் ஒருமுறை பேசினார், அப்புறம் பண்டிகைக்கு வாழ்த்து மட்டும் அனுப்பினார். எனக்கு வருத்தம்தான். ஆனால் யார் மேல் வருத்தப்படுவது என்று தெரியவில்லை.

ஆறு மாதம் என்று சொன்னது ஒரு வருடத்தைத் தாண்டிய பிறகு, ஒருவழியாகப் புராஜெக்ட் பணம் வந்தது. கைடு சொல்லி வாய் மூடுவதற்குள் நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் சந்தோஷமாகச் சிரித்தார். மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டார். சொன்னேன்.

"வாடகையும் பஸ்ஸும் போனா இதுல என்னடி மிஞ்சும்? தம்பி காலேஜ் ஃபீஸ் வேற இப்ப நான்தான் கட்டறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சமாளிச்சிருப்பேன்."

கைடிடம் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம் என்றேன். வேண்டாம் என்றார். அவர் கொடுக்கமாட்டார் என்பதால் இல்லை, அவரிடமும் இல்லை என்பதால்.

"அந்தச் செல்ல நீயே எடுத்துக்க. உன் தீசிஸுக்கு ஆகும். வீணா போகக்கூடாது, பாத்துக்க."

குப்பியில் உறைந்திருந்ததை வெதுவெதுப்பான நீரில் உருக்கித் தட்டில் ஊற்றிவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. செத்திருந்தால்கூட ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஆனால் அவை பிழைத்துக்கொண்டன. நடுவில் ஒன்றுமே நடக்காததுபோலத் தட்டு முழுக்க வளர்ந்துவிட்டன. இப்போது நானும் ஐந்தாவது வருடத்தில் இருக்கிறேன், ஹாஸ்டலைக் காலி செய்யும் தேதியும் வந்துவிட்டது. போன ஞாயிறு மைக்ராஸ்கோப்பில் செல்களைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"அழகா இருக்குடி. இன்னிக்கும் வந்திருக்கியா? கூட யாரு இருக்கா?"

யாருமில்லை என்று எழுதி, அதை அழித்தேன். பழகிவிட்டது என்று எழுதி, அதையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்: "உங்க செல்லுங்கதான்க்கா."